கருப்பையின் மீது யாருடைய கையெழுத்து?

1938 நவம்பர் 10 அன்று பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி உறுப்பினர் பி. ஜே. ரோஹம் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். கருத்தடை குறித்து மக்களிடையே அரசு தீவிரமாகப் பரப்புரை செய்ய வேண்டும், அதற்கான வசதிகளையும் அரசே செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். அவர் ஆற்றிய உரையை ஆயத்தம் செய்து கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். வறுமை, மக்கள்தொகைப் பெருக்கம் ஆகியவை பற்றிய கவலை அவ்வுரையில் உண்டு. அக்காலத்தில் கருத்தடை பற்றிப் பேசிய எவரும் தொட்ட செய்திகள்தாம் அவை. ஆயினும் உரை அத்துடன் நிற்கவில்லை. எந்தக் காரணத்தினாலாயினும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பெற விருப்பமில்லையெனில் அதைத் தவிர்த்துக்கொள்ளும் நிலையில் அவள் இருக்க வேண்டும், பெறுவதும் பெறாதிருப்பதும் முழுவதும் அவளுடைய முடிவாக வேண்டும் என்று அது வாதிட்டது. தீர்மானம் மிகப் பெரும்பான்மையான வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

அதே காலகட்டத்தில் தமிழ்நாட்டில் பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக வைத்தார். நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமலிருப்பதற்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள். தாம் ஆதரிப்பது பெண்ணின் விடுதலைக்காக என்பது அவருடைய நிலைப்பாடு. மேற்போக்காகப் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றையே கேட்பதாகத் தோன்றும். ஆனால் முதல் காரணத்தை ஏற்றுக்கொண்ட அரசு, நாட்டுக்கு எத்தனை குழந்தைகள் தேவை என்று கணக்கிடத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கு யாருடைய உடலில் எழுதப்பட்டது என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டு உலக வரலாறு.

பெண்களின் இனப்பெருக்க நலத்தில் சட்டமியற்றுவோருக்கு உள்ள பங்கைப் பேசும்போது பொதுவாக 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை, வளர்ச்சி மாநாட்டிலிருந்து தொடங்குவார்கள். 179 அரசுகள் அங்கு ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. பிறப்பு எண்ணிக்கைக்கு இலக்கு வைப்பதை விட்டு, பெண்ணின் உரிமையையும் உடல்நலத்தையும் கொள்கையின் மையத்தில் வைக்க வேண்டும் என்பதே அதன் திருப்பம். அச்செயல்திட்டத்தைக் கண்காணிக்க உலக நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2002இல் ஒட்டாவாவில் கூடினர், பின்னரும் கூடிவருகின்றனர். அவர்கள் வெளியிடும் பிரகடனங்களில் குறைகாண அதிகமில்லை. ஊருக்குத் திரும்பிய உறுப்பினர் தன் அவையில் என்ன செய்கிறார் என்பதையே நாம் பார்க்க விரும்புகிறோம். அதற்கு நமக்கு மிக நெருக்கமாகப் படும் நாடு பிரேசில்.

ஃபவேலாவிலிருந்து அவைக்கு

ரியோ டி ஜெனீரோவின் குன்றுச் சரிவுகளில் ஃபவேலா எனப்படும் ஏழைகளின் குடியிருப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் வளர்ந்த கறுப்பினப் பெண் பெனெடிட்டா ட சில்வா. பிறர் வீடுகளில் வேலை செய்தவர், தெருவில் பொருள் விற்றவர். 1982இல் நகர மன்றத்துக்கும், 1986இல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இராணுவ ஆட்சி முடிந்து புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அவையில் 26 பெண்கள் மட்டுமே இருந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர். 1988இல் நிறைவேறிய அச்சட்டம் 120 நாள் பேறுகால விடுப்பை உறுதி செய்தது. குடும்பக் கட்டுப்பாடு என்பது இணையரின் சுதந்திரமான முடிவு, அதில் அரசோ தனியாரோ வற்புறுத்தலாகாது என்றும் எழுதியது.

எழுதிய பிறகும் நடைமுறை மாறவில்லை. 1980களின் நடுவில் பிரேசிலில் கருத்தடை முறை எதையேனும் பின்பற்றிய பெண்களில் ஐந்தில் இருவர் நிலையான அறுவை செய்துகொண்டவர்கள். அவ்வறுவைக்கு அப்போது தெளிவான சட்ட அனுமதி இல்லை; எனவே சிசேரியன் பிரசவத்தின் மறைவில் அது செய்யப்பட்டது. கருக்குழாயைக் கட்டிக்கொள்வதற்காகவே தேவையற்ற சிசேரியனுக்கு உட்பட்ட பெண்கள் ஏராளம். தேர்தல் நேரத்தில் வாக்குக்குக் கைம்மாறாக இலவச அறுவைக்கு ஏற்பாடு செய்த அரசியல்வாதிகள் இருந்தனர். வேலைக்கு வரும் பெண்ணிடம் அறுவைச் சான்றிதழ் கேட்ட முதலாளிகளும் இருந்தனர். பேறுகால விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கினால், விடுப்பே தேவைப்படாத பெண்ணைத் தேடுவது முதலாளியின் வழக்கம்.

கறுப்பின இயக்கங்கள் இதைத் தம் மக்கள் மீதான இன அழிப்பு என்றன. அவ்வியக்கங்களுக்குள்ளிருந்த பெண்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். குழந்தை போதும் என்று அப்பெண்கள் முடிவெடுத்தது உண்மை, ஆனால் அறுவையைத் தவிர வேறு எந்த வழியும் அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது குரல் நமக்கு மிக முக்கியமானது. நம் ஊர்களில் மூன்றாவது பிரசவத்தோடு ‘ஆபரேஷன்’ செய்துகொண்டு வந்த அக்காவையோ அத்தையையோ ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லிவிட்டால் அவருடைய முடிவை நாமும் சேர்ந்து பறித்தவர்களாவோம்.

1990களின் தொடக்கத்தில் பிரேசில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து, பெண்கள் பெருமளவில் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டதை விசாரிக்கக் கூட்டுக் குழு அமைத்தன. அதற்குத் தலைமை வகித்தவர் பெனெடிட்டா. 1993இல் அறிக்கை வந்தது. அவர் முன்மொழிந்த சட்டம் 1995இல் நிறைவேறியது: வேலைக்குச் சேர்க்கவோ வேலையில் வைத்திருக்கவோ கர்ப்பச் சோதனை, கருத்தடைச் சான்றிதழ் எதையும் கேட்பது குற்றம். அடுத்த ஆண்டில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் அறுவையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பத்துக்கும் அறுவைக்கும் இடையே 60 நாள் இடைவெளி, மாற்று வழிகள் பற்றிய ஆலோசனை, வற்புறுத்துவோருக்குத் தண்டனை ஆகியன அதில் இடம்பெற்றன. குடியரசுத் தலைவர் முதலில் மறுத்து நீக்கிய அறுவை பற்றிய பிரிவுகளை 1997இல் நாடாளுமன்றம் மீண்டும் சேர்த்தது.

ஆனால் இதே சட்டம் திருமணமான பெண்ணின் அறுவைக்குக் கணவனின் ஒப்புதலையும் கேட்டது. மருத்துவரும் முதலாளியும் விலகி நின்ற இடத்தில் கணவன் வந்து கையெழுத்திட்டான். அந்தக் கையெழுத்தை நீக்க 2022 வரை ஆயிற்று. ஒடுக்கப்பட்டோரின் தரப்பிலிருந்து எழுந்த சட்டத்துக்குள்ளும் ஆணாதிக்கம் எவ்வளவு எளிதாக ஒரு வரி எழுதிவிடுகிறது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

அண்டை நாடான பெருவில் நடந்தது இதற்கு நேரெதிர். 1995இல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டில் அந்நாட்டு அதிபர் ஃபுஜிமோரி இனப்பெருக்க உரிமையை ஆதரித்து முழங்கினார். அதே ஆண்டில் பெருவின் நாடாளுமன்றம் விருப்ப அறுவையைச் சட்டபூர்வமாக்கியது. சட்டத்தின் சொற்கள் சரியாகவே இருந்தன. அதன்பின் சுகாதாரத் துறை ஊழியர்களுக்கு எண்ணிக்கை இலக்கு வைத்தது. 1996க்கும் 2000க்கும் இடையே 2,70,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் கெச்சுவா மொழி பேசும் மலைநாட்டுப் பழங்குடிப் பெண்கள். அவர்களில் ஐவர் தொடுத்த முறையீட்டில் பெரு அரசு அவர்களின் உரிமையை மீறியது என்று ஐ.நா. பெண்கள் பாகுபாடு ஒழிப்புக் குழு தீர்ப்பளித்தது 2024இல். சட்டம் இயற்றிய அவை, இயற்றிய மறுநாள் முதல் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கே எழுதப்பட்ட கணக்கு

இந்தியா கெய்ரோவில் கையெழுத்திட்டது. 1996இல் இலக்கு முறையைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, பயன்பாடற்றுக் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அதிலும் அதையடுத்து நடந்த முகாம்களிலுமாகக் குறைந்தது 13 பெண்கள் இறந்தனர். வந்தவர்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் ஏழைப் பெண்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டுமென்று 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினருக்குப் பெண் கருத்தடை அறுவை நடந்துள்ளது. ஆண் அறுவை 0.3 விழுக்காடு.

முகாம்களைப் பற்றியாவது செய்தி வந்தது. செய்தியாகாத இன்னொரு வேலையைச் சட்டமன்றங்களே செய்தன. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் இடங்களை ஒதுக்கி 1993இல் நடைமுறைக்கு வந்தது. தலித் பெண்ணுக்கு முதன்முறையாக அதிகாரத்தின் கதவு திறந்த அதே ஆண்டுகளில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் ஊராட்சியில் போட்டியிட முடியாது என்று இராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் சட்டம் செய்தன. 2003இல் ஜாவேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பதவியைக் காக்க மனைவியைக் கைவிட்டவர்களும் குழந்தையைத் தத்துக் கொடுத்தவர்களும் இருந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்தன. எத்தனை குழந்தைகள் என்று ஒருபோதும் முடிவெடுக்கும் நிலையில் இல்லாத பெண், அந்த எண்ணிக்கைக்காகத் தகுதியிழந்தாள். இச்சட்டத்தை எழுதிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இந்த விதி பொருந்தாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பொருந்தாது. ஹரியானா 2006இல் அதை நீக்கியது, ஆந்திரம் 2024இல்.

அவை தன் வேலையைச் செய்த தருணங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் புலம்பெயரும் பெண்களிடையே கருப்பை நீக்க அறுவை மிகுதியாக நடப்பது 2019இல் வெளிவந்தது. சட்ட மேலவைத் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் குழு அமைந்தது. 82,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் பெண்களிடம் விவரம் கேட்டதில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். அங்கு கணவனும் மனைவியும் ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு முன்பணம் பெறுகிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் தண்டத்தொகை. தங்கும் இடத்தில் கழிப்பறை இல்லை, மாதவிலக்கு நாளில் ஓய்வு இல்லை. பிரேசில் முதலாளி சான்றிதழ் கேட்டான். இங்கே கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால நலச் சட்ட முன்வரைவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசியபோது, தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அச்செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டு சட்டமானது. அது தொழிற்சாலைப் பெண்களுக்கானது. இன்று நடைமுறையிலுள்ள பேறுகால நல விதிகள் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகின்றன; பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெண்ணுக்கு அது எட்டாது. அவர்களுக்காகத்தான் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நாடாளுமன்றம் ஒரு பிரிவு வைத்தது: ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய். எத்தனையாவது குழந்தை என்று அச்சட்டம் கேட்கவில்லை. 2017இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பிரதமரின் தாய்மைத் திட்டம் அதை முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர், இரண்டாவது பெண் குழந்தையானால் உண்டு என்றது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடையே தொலைந்த இந்தத் தொகையைத் தேடுவதுதான் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை. தொகுதியின் பெயரால் அவர் எழுப்பும் ஒரு கேள்விக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நம் மாணவர்கள் போடும் மனுவுக்கு இல்லாத வலு அதற்கு உண்டு. அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டு போய் அவர் கையில் கொடுப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

2024இல் அமைந்த மக்களவையின் 543 உறுப்பினர்களில் 74 பேர் பெண்கள். மூன்றிலொரு பங்கு இடஒதுக்கீடு தரும் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்டது. தலித், பழங்குடிப் பெண்களுக்கு அதில் உள்ஒதுக்கீடு உண்டு, பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு இல்லை.

அந்த மறுவரையறையின் அச்சம் இப்போது பேச்சையே திருப்பிவிட்டிருக்கிறது. மக்கள்தொகை குறைந்தால் தென்மாநிலங்களின் தொகுதிகளும் குறையும் என்பதால், 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் குழந்தைகள் பெறுமாறு கேட்டுக்கொண்டார். இரண்டுக்கு மேல் குழந்தைகள் உள்ளவர்களே உள்ளாட்சியில் போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவருவது பற்றியும் பேசினார். அதே வாரங்களில் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு பெறுவது பற்றிக் குறிப்பிட்டார். தொகுதி இழப்பு பற்றிய கவலை நியாயமானது. அதற்கு விடை தேட வேண்டிய இடம் பேறுகால வார்டு அல்ல. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் விதி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்கிறது. மூன்றாம் முறை கருவுற்று நடவுக்குப் போகிறவளுக்கு அங்கு தொகை இல்லை.