குழி வெட்டிய கை: கொடுமணல் கல்வட்டங்களை வாசித்தல்



நினைவுப் பொழிவு என்பது மறைந்த ஒருவருக்காக இருப்பவர்கள் கூடும் நிகழ்வு. மறைந்தவரை நினைக்க மனிதர்கள் எத்தனையோ வழிகளைக் கண்டிருக்கிறார்கள். நம் நிலத்தில் இன்னும் கண்ணால் காணக் கிடைக்கும் மிகப் பழைய வழிகளில் ஒன்று கல்வட்டம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். முடிவில் பேச்சு நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையில் வந்து நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர்களின் கருத்து. கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். அந்தக் காட்டு வழியே கிளுவை வேலிகளை ஒட்டி நடந்து போனால் உருண்டைப் பாறைகள் தென்படும். முதல் பார்வைக்கு, உழவுக்கு இடைஞ்சல் என்று யாரோ ஒதுக்கிப் போட்டவை போலத்தான் இருக்கும். சற்று விலகி நின்று பாருங்கள். அவை வட்டமாக நிற்பது புலப்படும். சிலவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்களும் உண்டு. அருகே ஆள் உயரத்தை மிஞ்சிய நெடுங்கல் நிற்பதையும் காணலாம்.

கண்ணுக்குத் தெரிவது வட்டம் மட்டும். அசல் வேலை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. முதலில் குழி தோண்டுகிறார்கள். அதற்குள் நான்கு பலகைக் கற்களை, ஒன்றின் விளிம்பு மற்றொன்றைத் தாங்கும்படி நிறுத்தி ஓர் அறை கட்டுகிறார்கள். ஒரு பக்கப் பலகையில் வட்டமாகத் துளை போடுகிறார்கள். இதை இடுதுளை என்பார்கள். உள்ளே எலும்புகளையும் படையல் பொருட்களையும் வைத்து, மேலே பெரிய மூடுகல்லை ஏற்றுகிறார்கள். அதன்மேல் மண்ணும் சிறு கற்களும் குவித்து, சுற்றிலும் பாறைகளை நிறுத்துகிறார்கள். இரும்புக் காலத்தைச் சேர்ந்த இத்தகைய ஈமச்சின்னங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு மற்ற நிறுவனங்களும் இங்கே அகழாய்வு செய்திருக்கின்றன. கருப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்பு வாள்கள், மணிகள், இரும்பு உருக்கிய உலைகள் எல்லாம் கிடைத்தன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆதன் போன்ற பெயர்களைக் கீறியிருந்தார்கள். ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. எல்லாக் குழிகளிலும் அப்படி இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நாம் ஒரு பொற்காலத்தைக் கட்டிவிட முடியாது. சாவிலும் செல்வம் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் நமக்கு இந்தக் கல்வட்டத்தில் என்ன இருக்கிறது? என் பதில் ஒன்றுதான். இது உழைப்பின் ஆவணம். பலகைக் கல்லைப் பாறையிலிருந்து பிளந்தவர் ஒருவர். அதை இழுத்து வந்தவர்கள் பலர். இரும்பு உருக்கியவர், பானை வனைந்தவர், மணியில் துளை போட்டவர், குழி தோண்டியவர் என்று எத்தனையோ கைகள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குழிகள் பலவற்றில் முழு உடல் இல்லை. உடலை முதலில் வேறோரிடத்தில் வைத்து, பிறகு எலும்புகளைச் சேகரித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யாரோ அந்த எலும்புகளைக் குனிந்து, தொட்டு, பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இறந்தவரைத் தொடுவது அங்கே மரியாதை செய்வதன் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது.

அந்தக் கை எப்போது தீண்டத்தகாத கை ஆனது? கல் சாதி சொல்லாது. பாட்டு கொஞ்சம் சொல்கிறது. புறநானூற்றின் 228ஆம் பாடல், சோழ மன்னன் ஒருவன் இறந்தபோது தாழி வனையும் குயவரை அழைத்துப் பேசுகிறது. இவ்வளவு பெரியவனுக்கு எப்படித் தாழி செய்யப் போகிறாய் என்று இரங்குகிறது. 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று குயவரிடம் கேட்கிறாள். இரண்டிலும் தாழி செய்பவர் மதிப்போடு விளிக்கப்படுகிறார். அதே தொகுப்பின் 363ஆம் பாடலுக்கு வாருங்கள். மண்ணாண்ட மன்னர்களும் கடைசியில் சுடுகாட்டில் படையல் பெறுகிறார்கள் என்று நிலையாமையைச் சொல்ல வந்த பாடல் அது. அந்தப் படையலைத் தருபவரை இழிந்த பிறப்பினர் என்று சுட்டுகிறது. தாழி தருபவருக்கு மதிப்பு, கடைசிச் சோறு தருபவருக்கு இழிவு. ஒரே தொகுப்புக்குள் இரண்டும் இருக்கின்றன. சாவு வேலையைப் பிறப்போடு கட்டிய முடிச்சு நம் இலக்கியத்திலேயே கண்ணுக்குத் தெரியும் இடம் இது.

அடுத்தது பெயர். பல ஊர்களில் இந்தக் குழிகளைப் பாண்டவர் குழி என்பார்கள், பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்று கதையும் சொல்வார்கள். மலபாரின் ஈமக்குழிகளைப் பற்றி ஜே. பாபிங்டன் எழுதிய கட்டுரை 1823இல் வெளிவந்தது. அதிலும் பாண்டுக் குழி என்ற பெயர்தான். பெயரே தெரியாத மக்களின் உழைப்பு இதிகாச நாயகர்களின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், வழக்கில் உள்ள சொல்லையும் பண்டிகையையும் எடுத்து, அதன்மேல் ஏற்றப்பட்ட புராணத்தை விலக்கி, அடியில் யாருடைய வரலாறு கிடக்கிறது என்று கேட்டார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கைவிடக் கூடாது. இன்றைய அகழாய்வு அறிக்கைகளிலும் கேட்டுப் பாருங்கள். இயக்குநர் பெயர் இருக்கும். வெயிலில் மண் அள்ளிய கூலித் தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இப்போது சுடுகாட்டுப் பாதைக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போக வழி விடவில்லை என்பதே காரணம். காணொளி பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. பலகைக் கல்லைச் சுமந்துபோய் இறந்தவருக்கு அறை கட்டிய நிலத்தில், இறந்தவரைச் சுமந்துபோக நாலடிப் பாதை இல்லை. ஊராருக்குக் குழி வெட்டவும் பறை அடிக்கவும் நம் ஆட்கள் வேண்டும். நம் பிணம் மட்டும் அவர்கள் நிலத்தின் வழியே போகக் கூடாது.

சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரைப் பிணம் சுமக்கச் செய்வதும் சவக்குழி வெட்டச் செய்வதும் குற்றம். இடுகாட்டையோ சுடுகாட்டையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். இந்த இரண்டு பிரிவுகளையும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் கல்வட்டமோ கல்திட்டையோ இருந்தால் நடந்து போய்ப் பாருங்கள். தோண்டாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். புகைப்படம் எடுங்கள், வட்டத்தின் அகலத்தை அளந்து குறியுங்கள், ஊரார் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கல் குவாரிக்கும் மனைப் பிரிவுக்கும் பொக்லைன் வருமுன் தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். திரும்பும் வழியில் சேரியின் சுடுகாட்டுக்கும் போங்கள். பாதை யார் நிலத்தில் போகிறது, மழைக்காலத்தில் பிணத்தை எப்படிக் கொண்டு போகிறார்கள், குழி வெட்டுபவர் யார், அவருக்கு யார் கூலி தருகிறார்கள், அவர் பெயர் என்ன என்று அதே நோட்டில் எழுதுங்கள்.

இரண்டும் ஒரே நோட்டில் இருக்கட்டும். கொடுமணலில் குழி வெட்டியவரின் பெயரை இனி யாராலும் எழுத முடியாது. உங்கள் ஊரில் வெட்டுகிறவரின் பெயரை எழுத முடியும். அவர் பிள்ளை அந்த வேலைக்குப் போகாமல் இருக்கவும் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

ஜெய் பீம்.