காவலுக்குள் நின்றுபோகும் மருந்து

தாமதமாக வரும் நோயாளிகள்

காவலில் வைக்கப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றே: நோயாளி நினைவு தடுமாறியோ வலிப்பு கண்டோ மூச்சுத் திணறியோ வந்து சேர்கிறார், அவருக்கு நெடுநாளாக இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ இருந்தது என்பதும், கைதான நாளிலிருந்து ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை என்பதும் அதற்குப் பிறகே தெரியவருகின்றன. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கிறது. போ, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களின் குடியிருப்புகளிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு மலைச்சாலையில் வர வேண்டும். நிலை மோசமானால் அங்கிருந்து ஈப்போ போன்ற பெரிய நகரத்துக்கு இறங்க வேண்டும். பகாங் மாநிலச் சிறைகளான பெந்தோங்கும் பெனோரும் மலையிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால், உறவினர் மருந்துப் பையுடன் போய் நிற்பதும் எளிதன்று.

மருந்து நின்றால் உயிர் போகும் என்பது மிகைப்பேச்சு அன்று. 2012 செப்டம்பரில் கோலாலம்பூரின் டாங் வாங்கி காவல் தலைமையகத் தடுப்பறையில் இறந்த தமிழர் ஒருவரின் வழக்கில், போலீசார் உரிய மருத்துவக் கவனிப்பு அளிக்கத் தவறியதே மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் அடுத்த ஆண்டு முடிவு கூறியது. தடுப்பறை மரணம் என்றாலே அடிதடியை மட்டும் எண்ணும் வழக்கம், ஓசையின்றி நிகழும் இத்தகைய மரணங்களைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

நம்பிக்கைகளும் உண்மையும்

நோயைச் சொன்னால் வழக்கு கெட்டுவிடும், பலவீனம் வெளிப்படும் என்று குடும்பத்தார் அஞ்சுவது முதல் தவறு. நோயை மறைப்பதால் எந்த வழக்கிலும் எந்தப் பயனும் இல்லை. மறைத்தவருக்கு மருந்து கிடைக்காது என்பது மட்டுமே உறுதி. இரண்டு நாள் ஊசி போடாவிட்டால் என்ன, வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் அத்தகையதே. இன்சுலினையே நம்பியிருக்கும் இனிப்பு நீர் நோயாளிக்கு ஊசி நின்றால், ரத்தத்தில் அமிலம் பெருகி வாந்தியும் ஆழ்ந்த வேகமான மூச்சும் தோன்றி, ஓரிரு நாளிலேயே நினைவிழப்பு ஏற்படக்கூடும். வலிப்பு நோயாளிக்கு மருந்து திடீரென நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு தொடர்ந்து மூளை பாதிக்கப்படலாம்.

சம்சு என்னும் சாராயம் குடிப்பவர் காவலுக்குள் போனதும் கை நடுங்கினால், பயத்தில் நடுங்குகிறார், நடிக்கிறார் என்று அருகிலிருப்பவர்களும் காவலர்களும் கருதிவிடுகின்றனர். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழிந்தபின் காய்ச்சல், வியர்வை, இல்லாததைக் கண்டு அலறுதல் ஆகியவற்றுடன் டெலிரியம் என்னும் மனக்குழப்பம் தோன்றலாம். ரிமாண்டின் முதல் நாட்களும் இந்த ஆபத்து நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன. அலறுபவரை அடக்குவதும் அவருக்கு இரகசியமாகச் சாராயம் கொடுத்துவிட முயல்வதும் சிகிச்சை ஆகா. டயசெபம் வகை மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் மருத்துவமனையில் கிடைக்கின்றன, அவற்றால் இவர் பிழைக்க முடியும்.

முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் தோட்டத்து மக்கள் வாங்கிச் சாப்பிடும் ஜாமு என்னும் மூலிகை மருந்து வகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. சரிவில் கொழுந்து பறித்துக் கூடை சுமந்த உடலுக்கு வலி உண்மையானது. ஆனால் இரண்டே நாளில் வலியை மாயமாக்கும் பெயரற்ற பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலக்கப்படுவதாக மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்துள்ளனர். ஸ்டீராய்டு என்பது உடல் தானே சுரக்கும் ஒரு பொருளைப் போன்றது. வெளியிலிருந்து நெடுங்காலம் வந்தால் உடல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அப்படிப் பழகியவர் கைதாகி, அந்தப் பொடி ஒரே நாளில் நின்றால், ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் கண்டு, காரணம் புரியாமலேயே அவர் இறக்க நேரிடலாம். இயற்கை மருந்துதானே என்று இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவோருக்கு எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் போதவில்லை.

இருமல் நின்றால் டிபி போய்விட்டது, பூண்டும் ஆட்டுப்பாலும் போதும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், நெரிசலான அறையில் உடனிருப்போர் அனைவரும் அக்காற்றையே சுவாசிக்கின்றனர். ஆவணமில்லாதவர்களைக் காவல்துறைக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்குமாறு 2001-இல் சுகாதார அமைச்சு பிறப்பித்த சுற்றறிக்கைக்கு அஞ்சி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கிளினிக்குக்கே வராமல் இருமலை மறைக்கின்றனர். பின்னர் பிடிபடும்போது நோய் முற்றிய நிலையில் தடுப்பு முகாமுக்குள் செல்கின்றனர். இந்த அச்சத்தை நீக்காமல் தொற்றை மட்டும் நீக்க முடியாது.

சோதனைகள்

இந்த ஆபத்துகளை முன்கூட்டியே அறிய, காவலுக்குள் வருபவருக்குச் செய்ய வேண்டிய சோதனைகள் இவை: சர்க்கரை அளவு பார்க்க விரலில் ஒரு துளி ரத்தம், ரத்த அழுத்தம், இருமல் இருந்தால் சளியும் நெஞ்சு எக்ஸ்ரேயும்.

யாருடைய கடமை

காவலில் இருப்பவர் தம் விருப்பப்படி கிளினிக்குக்கு நடந்து போக முடியாதவர். ஆகவே அவருடைய உடல்நலம், அவரை அடைத்து வைத்திருப்போரின் பொறுப்பு. 1953-ஆம் ஆண்டு லாக்கப் விதிகள், தடுத்து வைக்கப்பட்டவரை மருத்துவ அதிகாரி விரைவில் பரிசோதிக்க வேண்டும் என்கின்றன. மண்டேலா விதிகள் என வழங்கும், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-இல் ஏற்ற குறைந்தபட்ச நெறிகளும், வெளியிலிருப்போருக்குக் கிடைக்கும் அதே தரத்திலான சிகிச்சை கைதிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும், சட்டநிலையைக் காரணம் காட்டி அதில் பாகுபாடு கூடாது என்றும் கூறுகின்றன. சிறையில் உடல்நல உரிமை பற்றி மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தனி அறிக்கையே வெளியிட்டுள்ளது. விதி இருக்கிறது, நள்ளிரவில் தடுப்பறையில் ஒருவர் வாந்தி எடுக்கும்போது மருத்துவரை அழைக்கும் கைதான் தேவைப்படுகிறது.

தோட்டத்தாரிடம் வேண்டுவது

ஒவ்வொரு வீட்டிலும், மருந்துகளின் பெயரும் அளவும் நோயின் பெயரும் எழுதிய ஒரு தாள், கிளினிக் புத்தகத்துடன் இன்றே வைக்கப்பட வேண்டும். ஜாமு சாப்பிட்டால் அதுவும், குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் வெட்கமின்றி அதில் இடம்பெற வேண்டும். கைதானவர் விசாரணைக்கு முன் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. அந்த முதல் அழைப்பிலேயே மருந்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். தாளின் ஒரு நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். குடிமக்களுக்கு 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பதால், அவரிடமும் ஒரு நகல் போகட்டும். காவல் அதிகாரிகளும் தயவுசெய்து மாத்திரைப் பையைச் சந்தேகப் பொருளாக ஒதுக்கிவிடாமல், மருத்துவரிடம் காட்டி அனுமதி பெற்று உள்ளே கொடுக்க வேண்டும். கைது செய்யப்பட்டவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும். அங்கு மருந்து கிடைக்கவில்லை, உடல் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதைக் கேட்டுச் சிகிச்சைக்கு வழி செய்யும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கும் உண்டு.