மைனஸ் 30 டிகிரியில் ராணுவ லாரி எப்படி ஸ்டார்ட் ஆகிறது? லடாக் டிரைவர்களின் குளிர்காலப் பாடம்

திராஸில் ஜனவரி இரவு மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். கிழக்கு லடாக்கின் உயரமான முகாம்களில் மைனஸ் 30-ஐயும் தாண்டும். அந்தக் குளிரில் டீசல் கூழாகிவிடும், தண்ணீர் கல்லாகிவிடும், பேட்டரி பாதி பலத்தை இழந்துவிடும். ஆனாலும் காலையில் லாரி கிளம்பியாக வேண்டும். முன்னணி நிலைகளில் இருப்பவர்களுக்கு மண்ணெண்ணெய், ரேஷன், மருந்து எல்லாம் போவது இந்த வண்டிகளில்தான்.

ஒரு சின்ன சறுக்கல் போதும், உயிர்கள் போய்விடும். 2022 டிசம்பர் 23 அன்று வடக்கு சிக்கிமின் ஜெமா பகுதியில், ஒரு வளைவில் திரும்பும்போது ராணுவ லாரி சறுக்கிச் சரிவில் விழுந்தது. 16 வீரர்கள் பலியானார்கள். 2025 ஜனவரியில் காஷ்மீரின் பந்திபோராவில் நடந்த இன்னொரு விபத்தில் 4 பேர் உயிரிழந்தனர். மோசமான வானிலையும் தெளிவற்ற பார்வையும் காரணம் என்றது ராணுவம்.

அப்படியென்றால் குளிர் ஒரு வண்டியை என்ன செய்கிறது? டிரைவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

டீசல் ஏன் கூழாகிறது?

டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. சாதாரண வெப்பத்தில் அது கரைந்தே இருக்கும். குளிர் கூடக் கூட சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். டேங்க் நிறைய டீசல் இருக்கும், ஆனால் என்ஜினுக்கு ஒரு சொட்டும் போகாது.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது மலைப்பகுதியின் பழைய வைத்தியம். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. அதன் பிறகு நிலைமை ஓரளவு மாறியது.

இரவில் டேங்கை நிரப்பி வைப்பதும் முக்கியம். பாதி காலியாக விட்டால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலில் இறங்கும். காலையில் அதுவே பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும்.

சில லாரி டிரைவர்கள் டேங்குக்கும் ஆயில் சம்புக்கும் கீழே தீ மூட்டிச் சூடாக்குவது உண்டு. பார்க்க எளிய வழி. ஆனால் எங்கேயாவது கசிவு இருந்தால் வண்டியே எரிந்துபோகும்.

கூலன்ட்: நிறைய ஊற்றினால் நல்லதா?

இல்லை. பலரும் தப்புக்கணக்கு போடும் இடம் இது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். ரேடியேட்டர் மட்டுமல்ல, என்ஜின் பிளாக்கே விரிசல் விடும். அதனால்தான் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள்.

சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். அதையே தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். ஆக, கலவை விகிதம்தான் எல்லாம். வழியில் அளவு குறைந்துவிட்டது என்று வெறும் தண்ணீரை ஊற்றினால், அன்றைய இரவே வினை.

பேட்டரி, ஆயில், பிரேக்

* பேட்டரி: மைனஸ் 18 டிகிரியில் லெட்-ஆசிட் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம், கெட்டியான ஆயிலைத் தாண்டி என்ஜினைச் சுழற்ற அதிக பலம் தேவை. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கியது, பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிப்பு விடலாம். பல இடங்களில் இரவில் பேட்டரியைக் கழற்றிச் சூடான அறைக்குள் வைப்பதற்கு இதுதான் காரணம்.
* என்ஜின் ஆயில்: டப்பாவில் '15டபிள்யூ-40' என்று இருக்கும் அல்லவா? அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதன் முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும்.
* ஏர் பிரேக்: காற்று டேங்கில் தேங்கும் ஈரம் உறைந்தால் வால்வு அடைபடும், பிரேக் பிடிக்காமல் போகலாம். டேங்கைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது கட்டாயம்.
* ஹேண்ட் பிரேக்: ஈரமான பிரேக் ஷூ இரவில் டிரம்மோடு ஒட்டி உறைந்துவிடும். சமதளத்தில் வண்டியை கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவது நல்லது.
* டயர்: வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். கீழே நிரப்பிய காற்று மேலே போனதும் போதாமல் போகலாம்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விடக் கூடாது. ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

சாலையில் என்ன நடக்கிறது?

கார்துங் லா, சாங் லா கணவாய்கள் இரண்டும் சுமார் 17,500 அடி உயரத்தில் இருக்கின்றன. எல்லைச் சாலைகள் அமைப்பான பிஆர்ஓ பனியை அகற்றினாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்து மிஞ்சும்: சாலையோடு சாலையாக ஒட்டிக்கிடக்கும் கண்ணாடி போன்ற பனிக்கட்டி. பகலில் உருகி ஓடும் ஓடைத் தண்ணீர், வெயில் சாய்ந்ததும் அப்படியே உறைந்துவிடுகிறது. மலை நிழல் விழும் வளைவுகளும் பாலங்களும் முதலில் உறையும் இடங்கள்.

அங்கே சில விதிகள் மாறாதவை:

1. சங்கிலியை ஏற்றத்துக்கு முன்பே மாட்ட வேண்டும். சிக்கிய பிறகு மாட்டுவது மிகவும் கஷ்டம். என்ஜின் விசை போகும் சக்கரங்களில் அது இருக்க வேண்டும். பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் டயரும் சங்கிலியும் வீணாகும்.
2. இறக்கத்தில் கியரைத் தொடக்கத்திலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். நடுவழியில் திடீரென மாற்றினாலும் சக்கரம் வழுக்கும்.
3. பனிக்கட்டியில் வண்டி நிற்க, காய்ந்த சாலையைவிடப் பல மடங்கு தூரம் தேவை. அதனால் கான்வாயில் இடைவெளி அதிகம். ஏற்றத்தில் முன்வண்டி பின்னோக்கி வழுக்கினாலும் இடம் இருக்கும்.
4. சறுக்க ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையை நோக்கி ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும்.

டிரைவரின் உடம்பும் வண்டியும் ஒன்றுதான்

17,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் பாதிதான். என்ஜினுக்கும் மூச்சு வாங்கும், மனிதனுக்கும் மூச்சு வாங்கும். அதனால் உயரமான பகுதிக்குச் செல்லும் வீரர்களுக்கு உடலைப் பழக்க மூன்று கட்டங்கள் உண்டு: 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000 அடிக்கு மேல் 4 நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் 4 நாள். இதைத் தாண்டிக் குதித்தால் தலைவலி, குழப்பம், தூக்கக் கலக்கம். ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு இவை மூன்றுமே ஆபத்து.

கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் கையில் சிந்தினால் இன்னும் மோசம். அது உறையாமலேயே மைனஸ் 20-இல் இருக்கும் திரவம் என்பதால், பனிக்கடி சட்டென வந்துவிடும்.

சத்தமில்லாமல் கொல்வது கார்பன் மோனாக்சைடு. பனியில் சிக்கி நிற்கும் வண்டியில் ஹீட்டருக்காக என்ஜினை ஓட விடுவார்கள். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால், அந்தப் புகை கேபினுக்குள் வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப் போட வேண்டும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், பிறகுதான் ஹீட்டர்.

லடாக் டிரிப் திட்டமிடுகிறீர்களா?

ராணுவ டிரைவருக்குப் பின்னால் பணிமனை, மீட்பு வண்டி, வயர்லெஸ் எல்லாம் உண்டு. வாடகைக் காரில் போகும் உங்களுக்கு அது கிடையாது. லேவில் இறங்கியதும் முதல் இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். டீசல் வண்டி என்றால் அங்கேயே குளிர்கால டீசலை நிரப்புங்கள். உங்கள் ஊர் டீசலோடு மேலே ஏற வேண்டாம். கூலன்ட் கலவையைக் கிளம்பும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். கணவாய்களை வெயில் இருக்கும்போதே கடந்துவிடுங்கள்.

சாலை மூடியிருக்கிறது என்று சோதனைச் சாவடியில் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களே அன்று காத்திருக்கிறார்கள்.