கறிவேப்பிலைக்கு மட்டும் ஐ.என்.ஏ.

ஒற்றை அடுப்பு – 9

படிப்புக்கோ வேலைக்கோ டெல்லிக்கு வந்து, மெஸ் சாப்பாடு நாக்குக்கு அலுத்து, சொந்தமாகச் சமைப்பது என்று முடிவெடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை ஒன்றுதான்: “ஐ.என்.ஏ. மார்க்கெட் போ, நம்ம ஊர் சாமான் எல்லாம் கிடைக்கும்.” சொல்வதில் பொய் ஏதும் இல்லை. இருந்தாலும், சமையலைத் தொடங்கிய வேகத்திலேயே பலர் கைவிடுவதற்கு இந்த யோசனையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. புழுங்கலரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய், நல்லெண்ணெய் என்று வீட்டுச் சமையலறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் முதல் வாரமே கணக்கு உதைக்கும். மூன்றாம் நாள் தேங்காய் மூடி வழவழக்கும். ஐந்தாம் நாள் முருங்கைக்காய் வதங்கிச் சுருளும். ‘நமக்குச் சமையல் சரிப்படாது’ என்று அடுப்பை மூட்டை கட்டிவிடுவார்கள். உண்மையில் சரிப்படாமல் போனது அவர்கள் வாங்கிய விதம்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் எப்படிப்பட்ட சந்தை என்று முதலில் பார்க்க வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய குடியிருப்பை ஒட்டி, இன்றைய டில்லி ஹாட்டுக்கு எதிரே இருக்கும் நெரிசலான இடம் அது. சுற்றிலும் சரோஜினி நகர், நேதாஜி நகர், கித்வாய் நகர், லட்சுமிபாய் நகர் என்று மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள். பக்கத்திலேயே எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள். தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் நர்சுகளும் வாங்க வாங்கத்தான் அங்கே மட்டை அரிசிக்கும் அப்பளத்துக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் அலமாரி கிடைத்தது. அந்தக் குடியிருப்புகளில் பல இன்று இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகவும் அலுவலக வளாகங்களாகவும் மாறிவிட்டன. சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. தூதரக வீடுகளின் சமையல்காரர்களும் ஓட்டல் சமையல்காரர்களும் வந்து அவகாடோவும் ப்ரோக்கோலியும் எலுமிச்சைப் புல்லும் வெளிநாட்டுச் சீஸும் அள்ளிக்கொண்டு போகும் இடமும் இதுதான். விலை அந்த வாடிக்கையாளரின் பணப்பையைப் பார்த்துத்தான் நிற்கும். பிஜி அறையில் ஒற்றை அடுப்பு வைத்திருப்பவரைப் பார்த்து நிற்காது. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. சென்னைக்கும் புதுடெல்லிக்கும் ரயில் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வண்டிக் கூலியில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்ததற்கான கூலி.

இனி தட்டில் விழுவதை எடை போடுவோம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 40 கிராம், காய் 200 அல்லது 250 கிராம். ஆக 340 முதல் 390 கிராம். அதே சாப்பாட்டில் தாளிப்புக்குப் போவது ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி கடுகு, அதே அளவு உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய், சிட்டிகை பெருங்காயம், பத்து இலை கறிவேப்பிலை. எல்லாம் சேர்ந்து 15 கிராமைத் தாண்டாது. ஆனால் ‘இது நம்ம வீட்டுச் சாப்பாடு’ என்று மூக்கு அடையாளம் காண்பது இந்த 15 கிராமை வைத்துத்தான். இதற்கு எளிய பௌதிகக் காரணம் உண்டு. பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் அதைவிட வெகுவாகச் சூடேறும். கடுகு வெடிப்பதும் மிளகாய் கருஞ்சிவப்பாவதும் பெருங்காயத்தின் பச்சை நெடி மாறுவதும் அந்தச் சூட்டில்தான் நடக்கும். மணப் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைவதால், அந்த ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய் சட்டி முழுவதற்கும் மணத்தைக் கொண்டுசேர்க்கிறது. செலவு எடையில் இருக்கிறது, ருசி எடையில்லாததில் இருக்கிறது. ஆகவே கனமானதைக் குடியிருக்கும் தெருவில் வாங்கலாம், ஐ.என்.ஏ.வுக்குச் சட்டைப்பையில் அடங்கும் சாமானுக்காகப் போகலாம். கறிவேப்பிலை, சாம்பார் பொடி, குண்டு மிளகாய், கட்டிப் பெருங்காயம், சின்ன பாட்டில் நல்லெண்ணெய், ஒரு கட்டு அப்பளம். 100 கிராம் சாம்பார் பொடி ஒருவருக்கு இருபது சாம்பாருக்கு வரும். கடுகு, சீரகம், மஞ்சள், உளுந்து, புளி இவற்றுக்கு அந்தப் பயணம்கூட வேண்டாம். டெல்லியின் எந்த மளிகைக் கடையிலும் உண்டு.

தெருவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தள்ளுவண்டியை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். கோடையில் ‘கியா’ என்று குவித்திருப்பது நம் சுரைக்காய். ‘அர்பி’ சேப்பங்கிழங்கு. ‘சீதாபல்’ என்று கூவினால் பழம் என்று ஓட வேண்டாம், கிடைப்பது பறங்கிக்காய். குளிர்காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு முள்ளங்கியும் பாலக்கும் வெந்தயக்கீரையும் மலிந்து கிடக்கும். ‘பத்துவா’ என்று கட்டுக் கட்டாக விற்பது நம் சக்கரவர்த்திக் கீரை; பாசிப்பருப்போடு கடைந்தால் வேறொன்றும் கேட்காது. முள்ளங்கி சாம்பாருக்கு டெல்லியின் டிசம்பரைப் போன்ற மாதம் கிடையாது. நம் ஊர்க் காய்க்காரர் கறிவேப்பிலை கொசுறு போடுவதுபோல, இங்கே காய்க்காரர் கொத்தமல்லித் தழையும் பச்சை மிளகாயும் கொசுறாகப் போடுவார். கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். அரிசியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாஸ்மதியை முழு மணிக்குக் கீழே திபார், துபார், மோக்ரா என்று தரம் பிரித்து விற்பார்கள். மோக்ரா நொறுங்கிய குருணை ரகம், விலையும் அடிமட்டம். பிரியாணிக்கு அது ஆகாது. சாம்பார் சாதத்துக்கும் தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் சாதம் குழைய வேண்டும் என்பதால், அதைவிட வாகான அரிசி டெல்லியில் இல்லை. புழுங்கலரிசியைவிடச் சீக்கிரம் வெந்தும் விடும்.

பருப்பில் மட்டும் புதிதாகச் சமைப்பவர் பிடிவாதத்தைத் தளர்த்த வேண்டும். துவரம்பருப்பு இல்லாமல் சாப்பாடா என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் டெல்லியில் பல பகுதிகளில் வரும் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பைக் குழைய விடாது. குக்கர் இல்லாதவருக்குத் துவரை பெரும் சோதனை. பாசிப்பருப்பு திறந்த பாத்திரத்திலேயே வேகும், ஊறவைக்கவும் வேண்டாம். ஒரு சுரைக்காய்க் கூட்டை வைத்தே பார்க்கலாம். காயை வாங்கும்போது நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். நகம் இறங்கினால் பிஞ்சு. நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் முழுக்காயையும் குப்பையில் போடுவதுதான் சிக்கனம், கசப்புச் சுரைக்காய் உடம்புக்கு விஷம். ஒரு கைப்பிடிப் பருப்பை வெறும் பாத்திரத்தில் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் மஞ்சள் தூளோடு வேகவிடவும். ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் காய் போடும் பதம். காயைப் போட்டதும் தண்ணீர் போதாதது போலத் தோன்றும். பதறி ஊற்றினால் கூட்டு ரசமாகிவிடும், சுரைக்காயே தண்ணீர் விடும். காய் வெந்ததும் உப்பு, தட்டிய மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி. தேங்காய் தேவையே இல்லை. தாளிக்க எண்ணெய் காய்ந்ததா என்று அறிய ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்த்தால் போதும். அது வெடித்தால் மீதியைப் போடலாம். சடசடப்பு அடங்கும்போது உளுந்து, அது சிவக்கத் தொடங்கும்போது மிளகாய், பெருங்காயம், கடைசியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை. ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். ஆரம்பம் முதல் இறக்கும்வரை அரை மணி நேரம். அதில் கை வேலை பத்து நிமிடம். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி முழு வேகத்தில் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான்.

சுரைக்காயும் மோக்ராவும் வைத்துச் சமைத்தால் அம்மா கைச் சமையல் ருசி வருமா என்று கேட்பார்கள். வராது. முருங்கைக்காய் வாங்கினாலும் முதல் மாதத்தில் அது வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ருசி சாமானில் மட்டும் இல்லை, பழகிய கையில் இருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது, கண்ணளவுக்குப் பழகாத கைகளுக்காகவே ஒவ்வொன்றுக்கும் அளவு சொல்லி எழுதினார். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பேருக்கு அது வாத்தியாராக இருந்தது. ஆனால் எந்தச் சமையல் புத்தகத்திலும் எழுதப்படாத முதல் வரி ஒன்று உண்டு: நிரம்பிய அஞ்சறைப்பெட்டியும் அம்மியும் பக்கத்துத் தெருவில் காய்க்கடையும் உள்ள வீடு. டெல்லி அறையில் அந்த முதல் வரி இல்லை. அஞ்சறைப்பெட்டியை மட்டும் கொண்டுவந்துவிடலாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போர்ச்சுகீசியர் காலத்துக்கு முன் நம் அடுப்பைப் பார்த்ததே இல்லை. காயை மாற்றி மாற்றி, பக்குவத்தை மட்டும் விடாமல் வைத்திருந்ததுதான் நம் சமையல்.

அடுத்து வருவது நேரக் கணக்கு. பரீட்சைக்குப் படிப்பவருக்கு அரை மணி நேரம் பொன். டிபன் கேரியரோ பத்து நிமிட டெலிவரியோ மலிவல்லவா? வாரத்தில் ஒருநாள் மட்டும் சமைப்பவருக்கு மலிவுதான், சந்தேகமே இல்லை. வாங்கிய காயில் பாதி அழுகும், தயிர் புளிக்கும், ஒரு வேளைச் சாப்பாடு ஓட்டல் விலையைத் தொட்டுவிடும். வாரத்துக்கு நாலைந்து நாளாவது அடுப்பு எரிந்தால்தான் வீட்டுச் சமையல் சிக்கனம். அப்படி எரிகிற இடத்தில் வித்தியாசம் பெரிது. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்துக் குடும்பங்கள் மொத்தச் செலவில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உணவுக்குச் செலவிடுகின்றன. அந்த உணவுச் செலவில் ஆகப் பெரிய பங்கு அரிசிக்கோ பாலுக்கோ காய்க்கோ போகவில்லை. பானங்கள், நொறுக்குத் தீனி, பதப்படுத்திய உணவு என்ற பிரிவுக்குப் போகிறது, மொத்தச் செலவில் சுமார் 11 சதவீதம். அடுப்பு எரியாத நாளில் ரூபாய் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சத்துக் கணக்கும் இதே பக்கம்தான். 40 கிராம் பாசிப்பருப்பில் ஒன்பது கிராமுக்கு மேல் புரதம் உண்டு, கூடவே ஒரு கிண்ணம் தயிர் சேர்ந்தால் ஒரு வேளைக்குக் குறையில்லை.

மாவு பாக்கெட்டும் புளியோதரைப் பேஸ்ட்டும் ஐ.என்.ஏ.விலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. டெல்லிக் குளிரில் வீட்டில் அரைத்த மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. ஆசைக்கு ஒரு பாக்கெட் வாங்குவது தப்பே இல்லை. அதை அன்றாடமாக்கினால் மறுபடியும் தண்ணீருக்கு விலை கொடுக்கிறோம், அவ்வளவுதான். மலிவு என்று நான் சொல்வதற்கும் எல்லை உண்டு. உதிரி எண்ணெய், உதிரி மிளகாய்த் தூள் பக்கம் போகக்கூடாது. 1998-இல் இதே டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கியது.

மீன் விஷயத்தில் மட்டும் என் கணக்கு செல்லாது. தூத்துக்குடிக்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் வஞ்சிரத்துக்குப் பதிலாக ரோகுவைக் காட்டி, குழம்பு அதே புளியில்தான் கொதிக்கிறது என்று வாதாட முடியாது. ஆற்று மீனின் சதையும் முள்ளும் வேறு. கடல் மீன் கனமான சாமான்தான், தூரத்திலிருந்து வருவதுதான், விலை யானை விலைதான். ஆனாலும் அதற்காக ஐ.என்.ஏ. மீன் கடைக்கு நாலு பேர் சேர்ந்து, பணம் பங்கு போட்டு, சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். துண்டு போடச் சொல்லும்போது தலையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், குழம்புக்கு அதுதான் ருசி. மற்ற ஞாயிறுகளுக்கு முட்டை இருக்கிறது. அடுத்த வாரம் முட்டை.

(தொடரும்)