விக்கெட்டின் மதிப்பு குறைந்தது எப்படி? கிரிக்கெட்டை மாற்றிய 20 ஓவர் லீக் போட்டிகள்: உப்பல் மைதானம் காட்டும் கணக்கு

ஹைதராபாத்: 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி மும்பை வான்கடே மைதானத்தில் 118 ரன்களுக்கு ஆட்டமிழந்த சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி, மும்பை இந்தியன்ஸ் அணியை 87 ரன்களில் சுருட்டி வெற்றி பெற்றது. இரண்டு நாள்கள் கழித்து, சொந்த மைதானமான உப்பலில் 132 ரன்கள் மட்டுமே எடுத்து, பஞ்சாப் அணியை 13 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. குறைந்த ரன்களைக் காத்து வெல்லும் பந்துவீச்சே அன்றைக்கு அந்த அணியின் அடையாளமாக இருந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2024 மார்ச் 27-ஆம் தேதி அதே உப்பல் மைதானத்தில், அதே மும்பை அணிக்கு எதிராக ஹைதராபாத் 3 விக்கெட் இழப்புக்கு 277 ரன்கள் குவித்தது. பதிலுக்கு 246 ரன்கள் எடுத்தும் மும்பை தோற்றது. ஒரே ஆட்டத்தில் 523 ரன்கள், 38 சிக்ஸர்கள் பதிவாகின.

ஓர் அணியின் அடையாளம் இப்படித் தலைகீழாக மாறியது ஏன்? கனமான மட்டைகள், சிறிய எல்லைக் கோடுகள், உடல் வலிமை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால், 20 ஓவர் லீக் போட்டிகள் விக்கெட்டுக்கு இருந்த மதிப்பைக் குறைத்து, பந்துக்கு இருந்த மதிப்பை உயர்த்தியதே அடிப்படை மாற்றம். அதன் தாக்கம் டெஸ்ட் கிரிக்கெட் வரை நீண்டுள்ளது.

120 பந்துகள், 10 விக்கெட்டுகள்

ஒரு நாள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 300 பந்துகள், 10 விக்கெட்டுகள் உள்ளன. சராசரியாக ஒரு விக்கெட்டுக்கு 30 பந்துகள். 20 ஓவர் ஆட்டத்தில் 120 பந்துகளே உள்ளன. விக்கெட்டுகளோ அதே 10. அதாவது ஒரு விக்கெட்டுக்கு 12 பந்துகள் மட்டுமே. டெஸ்டில் பந்துகளுக்கு வரம்பே இல்லை. ஒரு நாளில் மட்டும் 90 ஓவர்கள் வீசப்பட வேண்டும்.

இந்தக் கணக்கின்படி, 20 ஓவர் ஆட்டத்தில் 3 விக்கெட் இழப்புக்கு 160 ரன்கள் எடுத்து முடிக்கும் அணி, ஏழு விக்கெட்டுகளைப் பயன்படுத்தாமலே வீணாக்கியிருக்கிறது. ஐந்து நாள் ஆட்டத்தில் சேமிப்பாகக் கருதப்படும் விக்கெட், இங்கு செலவழிக்கப்படாத பணம்.

ஐபிஎல் தொடங்கிய 2008-ஆம் ஆண்டு முதல் பல அணிகள் இதை அறிந்திருந்தும், முதல் ஆறு ஓவர்களில் விக்கெட்டைக் காத்து, இறுதி ஓவர்களில் விளாசும் பழைய ஒரு நாள் ஆட்ட முறையையே பெரும்பாலும் பின்பற்றின. 2024-இல் பாட் கம்மின்ஸ் தலைமையிலான ஹைதராபாத் அணி அந்தத் தயக்கத்தைக் கைவிட்டது. தொடக்க வீரர்களான டிராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் முதல் பந்திலிருந்தே தாக்கினர். அவ்வாண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி டெல்லிக்கு எதிராக முதல் ஆறு ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி 125 ரன்கள் எடுத்தனர். மே 8-ஆம் தேதி உப்பலில் லக்னௌ நிர்ணயித்த 166 ரன்கள் இலக்கை 9.4 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி எட்டினர்.

2008 முதல் 2023 வரை ஐபிஎல் போட்டிகளில் 250 ரன்களை இருமுறை மட்டுமே அணிகள் கடந்திருந்தன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் எட்டு முறை அந்த எல்லை தாண்டப்பட்டது. அவற்றில் மூன்று ஹைதராபாத் அணியுடையவை.

விதி தந்த துணிச்சல்

இந்தத் துணிச்சலுக்கு ஒரு விதிமாற்றமும் துணை நின்றது. 2023 முதல் ஐபிஎல்-இல் 'இம்பாக்ட் பிளேயர்' விதி நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை வெளியேற்றி, மாற்று வீரர் ஒருவரை முழு உரிமையுடன் களமிறக்க இது அனுமதிக்கிறது. இதனால் பேட்டிங்கின்போது கூடுதலாக ஒரு மட்டையாளரையும், பந்துவீச்சின்போது அவருக்குப் பதிலாக ஒரு பந்துவீச்சாளரையும் அணிகள் பயன்படுத்துகின்றன. எட்டாவது இடம் வரை மட்டையாளர்கள் காத்திருக்கும்போது, முதலில் இறங்குபவர் ஆட்டமிழக்க அஞ்ச வேண்டியதில்லை.

2022-இல் 200 ரன்களுக்கு மேல் 18 முறை எடுக்கப்பட்டது. விதி அறிமுகமான 2023-இல் அது 37 ஆகவும், 2024-இல் 41 ஆகவும் உயர்ந்தது. இந்த விதி ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது எனக் கூறி, ரோஹித் சர்மா 2024-இல் வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தார். மட்டையாளர், பந்துவீச்சாளர் என இரு தனி வல்லுநர்களைப் பயன்படுத்த வழி இருக்கும்போது, இரண்டையும் ஓரளவு செய்பவருக்கு வாய்ப்பு குறையும் என்பதே அதன் சாரம்.

பந்துவீச்சாளர்கள் கொடுத்த விலை

விக்கெட்டின் மதிப்பு குறையும்போது, விக்கெட் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவரின் மதிப்பும் குறைகிறது. 523 ரன்கள் குவிந்த அந்த மும்பை ஆட்டத்தில், 17 வயதில் ஐபிஎல் அறிமுகம் பெற்ற தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் குவேனா மபாகா 4 ஓவர்களில் 66 ரன்களை விட்டுக்கொடுத்தார். அதே ஆட்டத்தில் 4 ஓவர்களில் 35 ரன்கள் கொடுத்து 2 விக்கெட்டுகள் எடுத்த கம்மின்ஸின் பந்துவீச்சு, வெற்றிக்கு வழிவகுத்த சிக்கனமான பந்துவீச்சாக அமைந்தது. 2018-இல் அதே 35 ரன்கள் சாதாரணக் கணக்காகவே இருந்திருக்கும்.

அனுபவமும் காப்பாற்றவில்லை. 2025 மார்ச் 23-ஆம் தேதி உப்பலில் ராஜஸ்தானுக்கு எதிராக ஹைதராபாத் 286 ரன்கள் எடுத்தபோது, ஜோஃப்ரா ஆர்ச்சர் 4 ஓவர்களில் 76 ரன்களை வழங்கினார். ஐபிஎல் வரலாற்றில் ஒரு பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தில் கொடுத்த அதிகபட்ச ரன்கள் இவையே. மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 12-ஆம் தேதி, அதே மைதானத்தில் பஞ்சாபுக்கு எதிராக ஹைதராபாத் அணியின் முகமது ஷமி 75 ரன்கள் கொடுத்தார். பஞ்சாப் எடுத்த 245 ரன்களும் போதவில்லை. அபிஷேக் சர்மா 55 பந்துகளில் 141 ரன்கள் விளாச, ஹைதராபாத் 9 பந்துகள் மீதமிருக்க வென்றது. ஆர்ச்சரும் ஷமியும் டெஸ்ட் அரங்கில் தங்களை நிரூபித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சமநிலையை மீட்க நிர்வாகமும் சில மாற்றங்களைச் செய்தது. 2024 முதல் ஓர் ஓவரில் இரண்டு பவுன்சர்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. 2025-இல் பந்தில் எச்சில் தடவுவதற்கான தடை நீக்கப்பட்டது; பனித்துளியின் பாதிப்பைக் குறைக்க, இரவு ஆட்டங்களின் இரண்டாவது இன்னிங்ஸில் பந்தை மாற்றவும் வழி செய்யப்பட்டது.

ஒரே நகரம், ஒரே வாரம்

லீக் போட்டிகளில் பழகிய ஆட்ட முறை மற்ற வடிவங்களுக்கும் பரவியதை 2024 ஜனவரியின் கடைசி வாரம் ஹைதராபாத்திலேயே காட்டியது.

ஜனவரி 26-ஆம் தேதி, நெக்ஸ்ட்ஜென் மைதானத்தில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான ரஞ்சி கோப்பை ஆட்டத்தில், ஹைதராபாத் வீரர் தன்மய் அகர்வால் 147 பந்துகளில் 300 ரன்களை எட்டினார். முதல்தர கிரிக்கெட்டில் இதுவே அதிவேக முச்சதம். முந்தைய சாதனைக்கு 191 பந்துகள் தேவைப்பட்டிருந்தன. அன்று 48 ஓவர்களில் ஹைதராபாத் ஒரு விக்கெட் இழப்புக்கு 529 ரன்கள் குவித்தது. எதிரணி பிளேட் பிரிவைச் சேர்ந்த, வலிமை குறைந்த அணி என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும், நான்கு நாள் ஆட்டத்தின் முதல் நாளில் ஓவருக்கு 11 ரன்களுக்கு மேல் எடுக்கலாம் என்ற எண்ணமே முந்தைய தலைமுறைக்கு அந்நியமானது.

அதே நாள்களில் உப்பலில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் நடைபெற்றது. முதல் இன்னிங்ஸில் 190 ரன்கள் பின்தங்கிய இங்கிலாந்து, இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட் இழப்புக்கு 163 ரன்கள் என்ற நிலையில் தோல்வியின் விளிம்பில் இருந்தது. சுழலுக்குச் சாதகமான ஆடுகளத்தில் ஒல்லி போப் தடுப்பாட்டத்தை நம்பவில்லை. ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்வீப் ஷாட்களால் அஸ்வின், ஜடேஜா, அக்ஷர் படேல் ஆகியோரின் பந்துவீச்சைச் சிதறடித்து, 278 பந்துகளில் 196 ரன்கள் எடுத்தார். 231 ரன்கள் இலக்கைத் துரத்திய இந்தியா 202 ரன்களில் ஆட்டமிழந்து, 28 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. முதல் இன்னிங்ஸில் 100 ரன்களுக்கு மேல் முன்னிலை பெற்ற பின் சொந்த மண்ணில் இந்தியா தோற்றது இதுவே முதல்முறை.

ரிவர்ஸ் ஸ்வீப் புதிய ஷாட் அல்ல. ஆனால், அதை அன்றாடப் பயிற்சியின் பகுதியாக மாற்றியது குறுகிய வடிவ கிரிக்கெட். அந்த இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பிரெண்டன் மெக்கல்லம், 2008 ஏப்ரல் 18-ஆம் தேதி ஐபிஎல்-இன் முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 158 ரன்கள் விளாசியவர் என்பது நினைவுகூரத்தக்கது.

இழந்தது என்ன?

இதே ஹைதராபாத், பொறுமைக்குப் பெயர்பெற்ற மட்டையாளர்களையும் தந்துள்ளது. 1960-இல் கான்பூரில் பாகிஸ்தானுக்கு எதிராக எம்.எல். ஜெய்சிம்ஹா எட்டு மணி நேரத்துக்கும் மேலாகக் களத்தில் நின்று 99 ரன்கள் எடுத்தார். அதே ஆண்டு கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் ஐந்து நாள்களும் பேட்டிங் செய்தார். விவிஎஸ் லட்சுமணன் 2001-இல் ஈடன் கார்டனில் எடுத்த 281 ரன்கள், பாலோ-ஆன் பெற்ற அணியை வெற்றிக்கு இட்டுச்சென்றன. ஆட்டமிழக்காமல் இருப்பதே ஒரு திறமை என்ற அடிப்படையில் அமைந்த ஆட்டங்கள் அவை.

அந்தத் திறமை இப்போதும் தேவைப்படுகிறது. 2024 அக்டோபர் - நவம்பரில் நியூசிலாந்திடம் சொந்த மண்ணில் இந்தியா 0-3 எனத் தொடரை இழந்தது. பெங்களூரில் 46 ரன்களுக்குச் சுருண்டது; மும்பையில் 147 ரன்கள் இலக்கை எட்ட முடியவில்லை. இதற்கு லீக் போட்டிகளை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆடுகளத் தயாரிப்பும் எதிரணியின் திறமையும் பங்கு வகித்தன. எனினும், தடுப்பாட்டப் பயிற்சிக்கு வீரர்களுக்குக் கிடைக்கும் காலம் குறைந்துவருகிறது என்ற கவலை வலுத்தது. 2025 ஜனவரியில், தேசிய அணி வீரர்கள் உள்நாட்டுப் போட்டிகளில் பங்கேற்பதை பிசிசிஐ கட்டாயமாக்கியது. அம்மாதமே ரோஹித் சர்மாவும் விராட் கோலியும் ரஞ்சி ஆட்டங்களில் களமிறங்கினர்.

லீக் ஆட்டத்திலும் இந்த முறைக்கு வரம்பு உண்டு. 2024 இறுதிப் போட்டியில், சென்னை ஆடுகளத்தில் முதல் ஓவரிலேயே மிட்செல் ஸ்டார்க் அபிஷேக்கின் ஸ்டம்பைச் சாய்த்தார். ஹெட் ரன் எடுக்காமல் வெளியேறினார். ஹைதராபாத் 113 ரன்களில் சுருண்டு கொல்கத்தாவிடம் கோப்பையை இழந்தது. 2025-இல் 286 ரன்களுடன் தொடங்கிய அணி, அடுத்த நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்று, இறுதியில் ஆறாவது இடத்தையே பிடித்தது.

சிராஜ் காட்டிய வழி

அந்தத் தொடர் தோல்விகளில் ஒன்று கூடுதல் கவனத்துக்குரியது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஆர்ச்சரும் ஷமியும் அடிவாங்கிய அதே உப்பல் மைதானத்தில், ஹைதராபாத்தில் வளர்ந்த முகமது சிராஜ் குஜராத் அணிக்காகப் பந்துவீசினார். பவர்பிளேயிலேயே ஹெட், அபிஷேக் இருவரையும் வெளியேற்றிய அவர், 4 ஓவர்களில் 17 ரன்கள் மட்டுமே கொடுத்து 4 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். ஹைதராபாத் 152 ரன்களுக்குள் அடங்கியது. விக்கெட்டை மலிவாகக் கருதும் அணியிடம், அதைத் தொடக்கத்திலேயே அடுத்தடுத்துப் பறித்தால் அதன் மதிப்பு மீண்டும் உயரும் என்பதை அந்த ஆட்டம் காட்டியது.

நான்கு மாதங்களில் அதே சிராஜ், இங்கிலாந்துக்கு எதிரான ஐந்து டெஸ்டுகளிலும் விளையாடி 23 விக்கெட்டுகள் எடுத்தார். ஓவல் மைதானத்தில் இந்தியா 6 ரன்கள் வித்தியாசத்தில் வென்ற கடைசி டெஸ்டின் இறுதி விக்கெட்டும் அவருடையதே. அத்தொடரில் அவர் வீசியவை 185.3 ஓவர்கள், அதாவது 1,113 பந்துகள். ஐபிஎல் லீக் சுற்றின் 14 ஆட்டங்களிலும் முழு நான்கு ஓவர்கள் வீசினாலும் ஒரு பந்துவீச்சாளர் வீசக்கூடியவை 336 பந்துகளே. ஐந்து டெஸ்டுகளில் மூன்று ஐபிஎல் பருவங்களுக்கும் மேலான உழைப்பை அவர் அளித்திருக்கிறார்.

2017-இல் சன்ரைசர்ஸ் அணி 2.6 கோடி ரூபாய்க்கு வாங்கியபோதுதான் ஆட்டோ ஓட்டுநரின் மகனான சிராஜின் பெயர் நாடெங்கும் தெரியவந்தது. வாய்ப்பை லீக் போட்டி தந்தது. ஆனால், நாள் முழுவதும் ஒரே இடத்தில் பந்தைப் பதியவைக்கும் ஆற்றலை 24 பந்துகளில் கற்றுக்கொள்ள முடியாது. அதற்கு ரஞ்சி கோப்பை போன்ற நீண்ட ஆட்டங்கள் தேவை. அத்தகைய ஆட்டங்களுக்கு ஆண்டு அட்டவணையில் எத்தனை நாள்கள் ஒதுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே, அடுத்த சிராஜோ அடுத்த லட்சுமணனோ உருவாவது அமையும்.