கொச்சிக்குப் போவோம்

கேரள மாநிலத்தில் இருக்கிறது கொச்சி. கோயம்புத்தூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம். ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் எர்ணாகுளம். எர்ணாகுளமும் கொச்சி நகரத்தின் ஒரு பகுதிதான். அங்கே இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. ஒன்று எர்ணாகுளம் ஜங்ஷன். மற்றது எர்ணாகுளம் டவுன். பயணச் சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

கொச்சி பழமையான துறைமுக நகரம். பல நாட்டு மக்கள் கப்பல் ஏறி இங்கே வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் எழுத்தையும் விட்டுச் சென்றார்கள். கல்லில் எழுதினார்கள். செம்பில் எழுதினார்கள். கடிகாரத்திலும் எழுதினார்கள். எழுத்துக் கற்ற நமக்கு இங்கே பார்க்க நிறைய உண்டு. ஒரு பகல் போதும். பணமும் அதிகம் வேண்டாம்.

வெள்ளம் திறந்த வாசல்

கொச்சி எப்படித் துறைமுகம் ஆனது?

பழைய காலத்தில் இந்தப் பகுதியின் பெரிய துறைமுகம் முசிறி. அது இன்றைய கொடுங்கல்லூர் பக்கம் இருந்தது. சேர மன்னர்களின் ஊர் அது. நம் சங்கப் பாடல்களிலும் முசிறியின் பெயர் வருகிறது. வெளிநாட்டார் பொன்னைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மிளகை வாங்கிப் போனார்கள்.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெரும் வெள்ளம் வந்தது என்று சொல்கிறார்கள். வெள்ளத்தோடு வந்த மண் முசிறியின் வாயை அடைத்தது. தெற்கே கொச்சியில் தண்ணீர் புதிய வழியைத் திறந்தது. கப்பல்கள் அந்தப் பக்கம் வரத் தொடங்கின. ஓர் ஊர் வாழ்வை இழந்தது. இன்னோர் ஊர் வாழ்வு பெற்றது.

1500இல் போர்ச்சுக்கீசியர் கொச்சிக்கு வந்தார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. எல்லோரும் எதற்காக வந்தார்கள்? முதலில் மிளகுக்காக. மிளகு கொடியில் காய்ப்பது. அந்தச் சின்னஞ்சிறு காய்க்காகத்தான் இத்தனை கப்பல்கள் வந்தன. இத்தனை சண்டைகளும் நடந்தன.

படகில் ஏறுங்கள்

கொச்சியைப் படகில் போய்ப் பார்ப்பதே நல்லது. எர்ணாகுளத்தில் படகுத் துறை இருக்கிறது. அதை அங்கே 'போட் ஜெட்டி' என்பார்கள். அங்கிருந்து கோட்டைக் கொச்சிக்கு அரசுப் படகு போகிறது. கட்டணம் மிகக் குறைவு. வேலைக்குப் போகிறவர்களும், மாணவர்களும், மீன் விற்பவர்களும் அதில்தான் போகிறார்கள்.

2023இல் 'வாட்டர் மெட்ரோ' என்ற புதிய படகுகளும் ஓடத் தொடங்கின. இவை மின்சாரத்தில் ஓடுபவை. புகை இல்லை. 2024 முதல் இவை கோட்டைக் கொச்சிக்கும் போகின்றன. உயர் நீதிமன்றத்தின் அருகே உள்ள துறையில் ஏற வேண்டும்.

படகு காயலில் போகும். காயல் என்பது கடலை ஒட்டி உள்ளே கிடக்கும் நீர்ப்பரப்பு. போகும்போது ஒரு தீவைக் காண்பீர்கள். அதன் பெயர் வில்லிங்டன் தீவு. அது மனிதர் உண்டாக்கிய தீவு. எப்படி?

முன்பு கொச்சியின் கடல் வாயிலில் ஒரு திட்டு இருந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. வெளியே கடலில் நிற்கும். சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்குவார்கள். 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். அந்தத் திட்டை வெட்டி ஆழமாக்கினார்கள். 1928இல் 'பத்மா' என்ற கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி இந்தத் தீவை உண்டாக்கினார்கள். வெள்ளம் தொடங்கிய வேலையை மனிதர் முடித்தார்கள்.

சீன வலை

கோட்டைக் கொச்சியில் இறங்கியதும் கரையோரம் உயரமான மரச் சட்டங்கள் தெரியும். அவற்றில் பெரிய வலைகள் தொங்கும். இவைதான் சீன வலைகள். சீன வணிகர்கள் கொண்டுவந்தவை என்று ஊரார் சொல்கிறார்கள்.

இந்த வலை எப்படி வேலை செய்கிறது? நம் ஊர் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். சால் இறங்கும், ஏறும். சீன வலையிலும் அதே வித்தைதான். நீளமான மரத்தின் முன் நுனியில் வலை. பின்பக்கம் கயிறுகளில் கட்டிய கற்கள். ஒருவர் மரத்தின் மேல் முன்பக்கம் நடந்தால் வலை தண்ணீருக்குள் இறங்கும். சில நிமிடம் காத்திருப்பார்கள். பிறகு நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்கள் கீழே வரும். வலை மேலே வரும்.

சில முறை வலையில் கொஞ்சம் மீன் இருக்கும். சில முறை ஒன்றும் இராது. மீண்டும் இறக்குவார்கள்.

இந்த வலைகளின் எண்ணிக்கை இப்போது குறைந்துவிட்டது. நல்ல மரத்தின் விலை ஏறிவிட்டது. கரையில் சேறு சேர்கிறது. பாசியும் குப்பையும் வலையில் மாட்டுகின்றன. மீன் வரவும் குறைந்துவிட்டது. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் வலை இழுப்பவருக்கு அது பிழைப்பு. அவர்களிடம் பேசுங்கள். அருகிலேயே மீன் விற்பார்கள். முடிந்தால் வாங்குங்கள். வலை மேடையில் ஏற ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். பணம் கேட்பார்களா, எவ்வளவு என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கல்லில் எழுதிய பெயர்கள்

வலைகளுக்கு அருகில், நடக்கும் தூரத்தில், புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. இதைப் போர்ச்சுக்கீசியர் கட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடல் வழியாக இந்தியா வந்தவர் வாஸ்கோட காமா. அவர் 1524இல் கொச்சியில் இறந்தார். இந்தத் தேவாலயத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். பின்னர் அவருடைய எலும்புகளைப் போர்ச்சுக்கல் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். புதைத்த இடத்தைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

சுவர்களைப் பாருங்கள். பழைய கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஒரு சுவரில் போர்ச்சுக்கீசியரின் கற்கள். எதிர்ச் சுவரில் டச்சுக்காரரின் கற்கள். அந்த மொழிகள் நமக்குப் புரியாது. ஆனால் ஆண்டுகளைப் படிக்கலாம். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்?

நான்கு பக்கக் கடிகாரம்

அடுத்து மட்டாஞ்சேரி. இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம்தான். பஸ் உண்டு. ஆட்டோவும் உண்டு. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் அரண்மனை இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்தார்கள். அதனால் 'டச்சு அரண்மனை' என்ற பெயர் வந்தது. உள்ளே சுவர் முழுதும் ராமாயணக் கதை. படம் படமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவரும் படிக்கக்கூடிய கதை அது.

அரண்மனைக்குப் பக்கத்தில் யூதர் தெரு. யூதர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். அவர்களின் வழிபாட்டு இடத்தை 1568இல் கட்டினார்கள். அதன் பெயர் பரதேசி சினகாக். நம் ஊரில் பரதேசி என்றால் பிச்சைக்காரர் என்று நினைக்கிறோம். சொல்லின் சரியான பொருள் வேறு. பர தேசம் என்றால் வேறு நாடு. வேறு நாட்டிலிருந்து வந்தவர் பரதேசி. உள்ளே தரையில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கையால் வரைந்தவை. ஒன்றைப் போல ஒன்று இராது.

யூதர்களிடம் ஒரு செப்பேடு உண்டு. சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் கொடுத்தார். அதைச் செம்புத் தகட்டில் எழுதினார்கள். அந்த எழுத்தின் பெயர் வட்டெழுத்து. தமிழ்நாட்டிலும் முன்பு வழங்கிய எழுத்துதான் அது. எழுத்தில் இருந்ததால் உரிமை நிலைத்தது. வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்?

வெளியே ஒரு மணிக்கூண்டு. 1760இல் கட்டியது. அதன் கடிகார முகங்களை நன்றாகப் பாருங்கள். ஒன்றில் ரோமன் எண்கள். ஒன்றில் யூதரின் எபிரேய எழுத்து. இன்னொன்றில் மலையாள எண்கள். ஏன் அப்படி? ராஜாவின் ஆட்களும், யூதர்களும், ஐரோப்பிய வணிகர்களும் இந்தத் தெருவில் நடந்தார்கள். அவரவர் எழுத்தில் அவரவர் மணி பார்த்தார்கள். மணி எல்லோருக்கும் ஒன்றுதான்.

1948இல் இஸ்ரேல் நாடு உண்டானது. அதன் பிறகு இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இப்போது மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. அவர்களாகவே போனார்கள். ஆனால் அவர்கள் எழுதியவை இங்கே இருக்கின்றன.

தமிழ் கேட்கும் துறை

கோட்டைக் கொச்சியில் வேளி என்ற இடத்தில் சலவைத் துறை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க இவர்களின் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். துவைத்த துணியைக் கயிற்று முறுக்கில் செருகிக் காய வைக்கிறார்கள். கிளிப் வேண்டாம். காற்றிலும் விழாது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் பாருங்கள்.

தமிழுக்கும் கொச்சிக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. இந்திய மொழிகளில் தன் சொந்த எழுத்தில் இந்தியாவில் முதலில் அச்சான மொழி தமிழ். 1578இல் கொல்லத்தில் ஒரு சிறு நூல் அச்சானது. அடுத்த ஆண்டு, 1579இல், 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் நூல் கொச்சியில் அச்சானது. நாம் இன்று அச்சில் படிக்கும் தமிழ் எழுத்து இந்த ஊரையும் கடந்துதான் வந்திருக்கிறது.

இன்னும் ஒரு சேதி. எர்ணாகுளம் மாவட்டம் முழுவதும் 1989இல் முதியோருக்கு எழுத்து கற்பிக்கத் தொடங்கினார்கள். 1990 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். மீனவரும், கூலி வேலை செய்பவரும், பாட்டிகளும் அங்கே எழுதப் படிக்கக் கற்றார்கள். அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் தொடங்கின. படகில் உங்கள் பக்கத்தில் உட்காரும் பெரியவர் அன்று கற்றவராகவும் இருக்கலாம்.

போகுமுன் படியுங்கள்

1. வெள்ளி, சனிக்கிழமைகளில் போக வேண்டாம். அரண்மனை வெள்ளிக்கிழமை அடைத்திருக்கும். சனிக்கிழமை யூதரின் ஓய்வு நாள்.

2. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன், ஜூலையில் மழை பலம்.

3. படகு துறையில் நன்றாக நின்ற பிறகே ஏறுங்கள், இறங்குங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

4. கடைசிப் படகு எத்தனை மணிக்கு? துறைப் பலகையில் படியுங்கள். அல்லது கேளுங்கள்.

5. வழிபாட்டு இடங்களில் அங்குள்ள அறிவிப்பைப் படித்து நடங்கள்.

6. மலையாள எழுத்தில் சில தமிழ் எழுத்தைப் போலவே இருக்கும். பலகைகளில் தேடிப் பாருங்கள்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. சீன வலையும் ஏற்றமும் எந்த விதத்தில் ஒன்று?

2. மணிக்கூண்டில் ஏன் பல எழுத்துகள்?

3. உங்கள் ஊரில் கல்லிலோ செம்பிலோ எழுதியது ஏதாவது இருக்கிறதா? அதில் எந்த ஆண்டு இருக்கிறது? போய்ப் படித்துப் பாருங்கள்.