சிறுபடை பெரும்படையை எதிர்த்து வெல்லுதல்

எண்ணிக்கையிலோ ஆயுதத்திலோ குறைந்த படை, தன்னைவிட வலிய படையைத் தடுத்து நிறுத்துவதும் தோற்கடிப்பதும் போர் வரலாற்றில் பலமுறை நிகழ்ந்துள்ளன. ஒரு படையின் மொத்த வீரர் எண்ணிக்கையைவிட, குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் உண்மையில் மோதக்கூடியவர் எத்தனை பேர் என்பதே வெற்றியைத் தீர்மானிப்பது இதற்கு முதன்மைக் காரணமாகும்.

இடமும் எண்ணிக்கையும்

இங்கிலாந்துப் பொறியாளர் பிரடெரிக் லான்செஸ்டர் முதல் உலகப் போர்க் காலத்தில் இதைக் கணித முறையில் விளக்கினார். திறந்தவெளியில் அனைவரும் சுட முடியுமானால், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வீரர்களின் திறன் சமமாயின், 1,000 பேர் கொண்ட படை 500 பேர் கொண்ட படையைவிட 4 மடங்கு வலியது. ஒருவரோடு ஒருவர் மட்டுமே மோதக்கூடிய குறுகிய இடத்தில் அவ்வேறுபாடு 2 மடங்காகச் சுருங்கும். எனவேதான் சிறிய படைகள் காடு, கணவாய் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. திருக்குறளிலும் காலமறிதல், இடனறிதல் என இதற்கு இரு தனி அதிகாரங்கள் உள்ளன.

காளையார்கோவில் காடு, 1801

சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களின் படை ஆளெண்ணிக்கையில் சிறியதன்று. பீரங்கியிலும் போர்ப்பயிற்சியிலும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையைவிட வலுக்குறைந்தது. 1801 ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூவின் படை, காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயலை அடைந்தது. சின்ன மருதுவின் இருப்பிடமான அவ்வூர், எதிரிக்குப் பயன்படாதவாறு முன்பே தீயிடப்பட்டிருந்தது.

அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கும்பெனியார் முயன்றனர். மரம் வெட்டியோரையும் அவர்களுக்குக் காவல் நின்றோரையும் மருதுவின் வீரர்கள் புதர்களில் மறைந்திருந்து தாக்கினர். அடர்ந்த காட்டில் பீரங்கியும் அணிவகுப்பும் உரிய பயன் தரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அரண் வீழ்ந்த விதம்

அடுத்து, படமாத்தூர் கௌரி வல்லப உடையத்தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராகக் கும்பெனியார் அறிவித்தனர். சீமையின் ஆதரவு பிளவுபட்டது. அக்டோபர் 1 அன்று பல திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்கிக் காளையார்கோவிலைக் கைப்பற்றினர். மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

ஒரே பாதையில் வந்தபோது பயன்படாத கும்பெனியின் வலிமை, பல பாதைகளில் பிரிந்து வந்தபோது முழுமையாகப் பயன்பட்டது. எதிரியைக் குறுகிய இடத்தில் நிறுத்தி வைப்பதும், அப்பகுதி மக்களின் துணையை இழக்காதிருப்பதும் சிறுபடையின் வெற்றிக்கு இன்றியமையாதவை என்பதை இப்போர் காட்டுகிறது.